பெண்டுல கடிகாரம் தந்த கிறிஸ்டியான் ஹைகென்ஸ்: நிலத்தில் ஜெயித்தவர் கடலில் தோற்றது ஏன்?

பழைய பொருட்கள் விற்கும் கடையிலோ அருங்காட்சியகத்திலோ ஒரு வகை சுவர்க் கடிகாரத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அடியில் ஒரு கயிறோ சங்கிலியோ தொங்கும். அதில் பித்தளையோ ஈயமோ ஊற்றிய கனமான குண்டு ஒன்று இருக்கும். சாவி போட முகப்பில் ஓட்டையே இருக்காது. தினமும் ஒருமுறை கயிற்றைக் கீழே இழுத்தால் குண்டு மேலே போகும். பிறகு 24 மணி நேரம், 30 மணி நேரம் என்று மெதுவாக இறங்கிக்கொண்டே கடிகாரத்தை ஓட்டும்.

நம்ம ஊர் பழைய வீடுகளில் இருந்தது பெரும்பாலும் இது இல்லை. அவை சாவி கொடுக்கும் ஸ்பிரிங் கடிகாரங்கள். பெண்டுலம் இரண்டிலும் ஆடும். ஆனால் கடிகாரத்தை ஓட்டும் சக்தி ஒன்றில் சுருள்வில்லிலிருந்து வருகிறது, இன்னொன்றில் புவியீர்ப்பிலிருந்து வருகிறது.

இந்த எடைக்குண்டு கடிகாரத்தின் கதையைத் தேடிப் போனால் ஒரு மனிதரிடம் போய் நிற்போம். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 1629-ல் பிறந்த கிறிஸ்டியான் ஹைகென்ஸ். 12-ஆம் வகுப்பு இயற்பியலில் ஒளி பற்றிய பாடத்தில் ஹைகென்ஸ் தத்துவம் என்று படித்தோமே, அதே ஹைகென்ஸ்தான். கடிகாரத்தின் பிழையை நாளுக்குக் கால் மணி நேரத்திலிருந்து கால் நிமிடத்துக்குக் கொண்டு வந்தவர். ஆனால் அவர் அந்தக் கடிகாரத்தை வைத்து எதைச் சாதிக்க நினைத்தாரோ, அது மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. என்ன நடந்தது?

அதற்கு முன் கடிகாரமே இல்லையா?

இருந்தது. ஆனால் நம்ப முடியாத கடிகாரம்.

நம் நாட்டில் நாழிகை வட்டில் இருந்தது. அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் மூழ்கும் நேரம் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டிலேயே எடையால் ஓடும் கோபுரக் கடிகாரங்கள் வந்துவிட்டன. இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயத்தில் இருக்கும் கடிகாரம் 1386-ஐச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது.

எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அது விழத்தான் பார்க்கும். விழும் வேகத்தை ஏதாவது ஒன்று கட்டுப்படுத்த வேண்டும். அந்தக் காலக் கடிகாரங்களில் இதைச் செய்தது ஒரு கிடைமட்டக் கம்பி. இரண்டு முனையிலும் சிறு எடைகளோடு அது இப்படியும் அப்படியுமாகத் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பல்சக்கரத்தின் ஒரு பல்லை மட்டும் விடும்.

பிரச்னை எங்கே என்றால், அந்தக் கம்பிக்கு என்று சொந்தமாக ஒரு தாளம் கிடையாது. சக்கரம் பலமாகத் தள்ளினால் வேகமாகத் திரும்பும், மெல்லத் தள்ளினால் மெதுவாகத் திரும்பும். எண்ணெய் உறைந்தாலும், பல் தேய்ந்தாலும், குளிர் கூடினாலும் நேரம் மாறும். நாளுக்கு 15 நிமிடம் பிசகுவது சாதாரணம். அதனால்தான் பெரும்பாலான பழைய கடிகாரங்களில் மணி முள் மட்டும் இருந்தது. கால் மணி நேரம் தப்பாகக் காட்டும் கடிகாரத்துக்கு நிமிட முள் எதுக்கு?

யார் இந்த ஹைகென்ஸ்?

1629 ஏப்ரல் 14 அன்று பிறந்தார். வசதியான, செல்வாக்கான குடும்பம். அப்பா கான்ஸ்டன்டைன் ஹைகென்ஸ் கவிஞர், இசை தெரிந்தவர், ஆரஞ்சு வம்ச இளவரசர்களின் செயலாளர். தத்துவ மேதை டெகார்ட் அந்த வீட்டின் நண்பர். அம்மா சுசன்னா 1637-ல் இறந்தபோது கிறிஸ்டியானுக்கு எட்டு வயது.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம். அப்பாவின் ஆசை மகன் தன்னைப் போல அரசுத் தூதராக வேண்டும் என்பது. அதற்காக 1645-ல் லைடன் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் படிக்க அனுப்பினார். அங்கே கணிதமும் சேர்த்துப் படித்தார் கிறிஸ்டியான். சட்டம் ஓரமாகப் போய்விட்டது. மகனின் திறமையைப் புரிந்துகொண்ட அப்பா அவரை ஆர்க்கிமிடீஸோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட ஆரம்பித்தார்.

அண்ணனோடு சேர்ந்து கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். 1655 மார்ச் 25 அன்று அந்தத் தொலைநோக்கியில் சனிக் கோளுக்கு ஒரு துணைக்கோள் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் டைட்டன். சனியைச் சுற்றி இருப்பது காதும் இல்லை, கைப்பிடியும் இல்லை, ஒரு தட்டையான வளையம் என்பதையும் அவர்தான் முதலில் சரியாகச் சொன்னார்.

வானத்தைப் பார்ப்பவருக்கு நல்ல கடிகாரம் வேண்டும். ஒரு நட்சத்திரம் எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்று குறிக்காமல் வானியல் நகராது. அந்தத் தேவையும் அவரைக் கடிகாரத்தின் பக்கம் திருப்பியது.

1656 கிறிஸ்துமஸ் நாள்

ஊசலைப் பற்றி ஹைகென்ஸுக்கு முன்பே யோசித்தவர் கலிலியோ. ஊசல் அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் எடுக்கிறது என்பதைக் கவனித்தவர் அவர். பார்வை போன பிறகு, 1641-ல் ஊசலை வைத்து ஒரு கடிகாரம் செய்யும் யோசனையை மகன் வின்சென்சோவிடம் சொன்னார். மறு வருடமே கலிலியோ இறந்தார். மகனும் 1649-ல் இறந்துபோக, வேலை முடியவில்லை.

அதைப் பற்றித் தெரியாமலேயே ஹைகென்ஸ் தனியாக இதே இடத்துக்கு வந்தார். 1656 டிசம்பர் 25 அன்று, 27 வயதில், ஊசலை வைத்து ஓடும் தன் முதல் கடிகார மாதிரியை முடித்தார். தி ஹேக்கைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் சாலமோன் கோஸ்டர் அதை விற்பனைக்குச் செய்தார். 1657 ஜூன் 16 அன்று கோஸ்டருக்கு நெதர்லாந்து அரசின் காப்புரிமை கிடைத்தது. அவர் அந்த வருடம் செய்த ஒரு கடிகாரம் லைடனில் உள்ள போர்ஹாவே அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

1658-ல் ஹைகென்ஸ் ஹோரோலோஜியம் என்ற சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது எடைக்குண்டால் ஓடும் கடிகாரம்.

ஊசல் என்ன மாற்றியது?

பழைய கம்பிக்குச் சொந்தத் தாளம் இல்லை என்று பார்த்தோம். ஊசலுக்கு இருக்கிறது. அதன் நீளமும் புவியீர்ப்பும்தான் அந்தத் தாளத்தைத் தீர்மானிக்கின்றன. சக்கரம் கொடுக்கும் சின்ன உந்துதல், உராய்வில் போகும் சக்தியை ஈடு செய்ய மட்டும்தான். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை நீங்கள் லேசாகத் தள்ளிவிடுகிறீர்கள். ஊஞ்சல் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை முடிவு செய்வது நீங்களா? இல்லை, ஊஞ்சல் சங்கிலியின் நீளம்.

எண்களில் பார்ப்போம்.

- பழைய கடிகாரம்: நாளுக்குச் சுமார் 15 நிமிடம் பிழை. அதாவது 900 வினாடி.
- ஹைகென்ஸின் ஊசல் கடிகாரம்: நாளுக்குச் சுமார் 15 வினாடி.
- முன்னேற்றம்: ஏறக்குறைய 60 மடங்கு.

நிமிட முள் பரவலாக வந்தது இதற்குப் பிறகுதான். வினாடி முள்ளும் அர்த்தமுள்ளதாக ஆனது. 1658-லேயே ஸ்கெவெனிங்கன் தேவாலயக் கோபுரத்திலும் உட்ரெக்ட் நகரக் கோபுரத்திலும் இருந்த கடிகாரங்கள் ஊசலுக்கு மாற்றப்பட்டன.

அந்த ஒற்றைக் கயிறு

இப்போ நாம் ஆரம்பத்தில் பார்த்த தொங்கும் குண்டுக்கு வருவோம்.

எடைக்குண்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. முழுசாக மேலே இருந்தாலும் பாதி இறங்கியிருந்தாலும் அது இழுக்கும் பலம் ஒன்றுதான். ஸ்பிரிங் அப்படி இல்லை. சாவி கொடுத்த உடனே பலமாக இழுக்கும், நாள் போகப் போகத் தளரும்.

ஆனால் குண்டுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. கீழே வந்த குண்டை மேலே ஏற்றும்போது, ஏற்றுகிற அந்தச் சில வினாடிகள் சக்கரத்துக்கு இழுப்பே இருக்காது. கடிகாரம் தயங்கும். நாளுக்கு 15 நிமிடம் தப்பும் கடிகாரத்தில் இதை யார் கவனிப்பார்? 15 வினாடிதான் தப்பும் என்ற நிலை வந்ததும் இது பெரிய குறையாகிவிட்டது.

ஹைகென்ஸ் செய்தது ரொம்ப எளிமையானது. முனையே இல்லாத ஒரே வளையமாகக் கயிற்றைக் கட்டினார். அது இரண்டு சக்கரங்கள் மேல் போகும். ஒன்று கடிகாரத்தை ஓட்டும் சக்கரம். இன்னொன்று ஒரு பக்கம் மட்டுமே சுற்றும் பல் பூட்டுச் சக்கரம். இரண்டுக்கும் நடுவே தொங்கும் கயிற்று வளைவில் ஒரு கப்பி, அதில் பெரிய குண்டு. மறுபக்க வளைவில் கயிறு தளராமல் இருக்க ஒரு சின்ன எடை.

நீங்கள் கயிற்றை இழுத்துக் குண்டை ஏற்றும்போது சுற்றுவது பூட்டுச் சக்கரம் மட்டும். ஓட்டும் சக்கரத்தின் மேல் குண்டின் இழுப்பு அப்படியே இருக்கும். கடிகாரம் ஒரு நொடி கூட நிற்காது.

350 வருடங்களுக்கு மேல் ஆகியும் இந்த ஏற்பாட்டுக்கு ஹைகென்ஸின் முடிவிலாக் கயிறு என்றே பெயர். டச்சு சுவர்க் கடிகாரங்கள் பலவற்றிலும், இங்கிலாந்தின் 30 மணி நேர ஆளுயரக் கடிகாரங்களிலும் இதைப் பார்க்கலாம். பழைய எடைக்குண்டு கடிகாரம் ஒன்றைப் பார்த்தால் கீழே குனிந்து கயிற்றைக் கவனியுங்கள். ஒரு பெரிய குண்டு, ஒரு சின்ன எடை, முனையில்லாத கயிறு இருந்தால் நீங்கள் பார்ப்பது ஹைகென்ஸின் யோசனையை.

அவருக்கு ஏன் அது போதவில்லை?

ஊசலில் ஒரு சின்னப் பொய் ஒளிந்திருந்தது. அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் ஒரே நேரம் என்பது முழு உண்மை இல்லை. வட்டப் பாதையில் ஆடும் ஊசல், அகலமாக ஆடும்போது கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகச் சிறிய ஆட்டத்தோடு ஒப்பிட்டால், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 2 டிகிரி ஆடும் ஊசல் நாளுக்குச் சுமார் 7 வினாடி பின்தங்கும். 10 டிகிரி என்றால் சுமார் 164 வினாடி. 20 டிகிரி என்றால் 11 நிமிடம்! ஆட்டம் மாறாமல் இருந்தால் சரி செய்துவிடலாம். ஆட்டம் அவ்வப்போது மாறினால்தான் ஆபத்து.

1659-ல் ஹைகென்ஸ் இதற்குக் கணிதத்தில் விடை கண்டார். ஓடும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால், அது காற்றில் வரையும் வளைவுக்குச் சைக்ளாய்டு என்று பெயர். ஊசல் அந்தப் பாதையில் ஆடினால் எவ்வளவு அகலமாக ஆடினாலும் நேரம் துல்லியமாக ஒன்றே. ஊசலின் நூலுக்கு இரு பக்கமும் வளைந்த தகடுகள் வைத்து அதை அந்தப் பாதையில் ஆட வைத்தார்.

சரி, வீட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டாம். அவர் கண் சுவரில் இல்லை. கடலில் இருந்தது.

கடலில் என்ன பிரச்னை?

நடுக்கடலில் கப்பல் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்துச் சொல்லலாம். கிழக்கு மேற்காக எங்கே என்று சொல்வதுதான் கஷ்டம். இதுதான் தீர்க்கரேகைப் பிரச்னை. தப்பாகக் கணித்த கப்பல்கள் பாறையில் மோதின. கரை கிடைக்காமல் அலைந்தவர்கள் தாகத்திலும் நோயிலும் செத்தார்கள். இந்தியப் பெருங்கடல்வரை வணிகம் செய்த டச்சுக்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்னை, பணப் பிரச்னை இரண்டும்.

விடை கடிகாரத்தில் இருந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படின்னா 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் கையில் இருந்தால், அதையும் கப்பலில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையும் ஒப்பிட்டு எவ்வளவு கிழக்கே, எவ்வளவு மேற்கே வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் கடிகாரம் பிசகக் கூடாது. நிலநடுக்கோட்டில் 1 நிமிடப் பிழை சுமார் 28 கிலோமீட்டர். நாளுக்கு 15 வினாடி ஒழுங்கில்லாமல் சேர்ந்துகொண்டே போனால், 60 நாள் பயணத்தில் 15 நிமிடம். அதாவது 417 கிலோமீட்டர். சென்னைக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கும் கப்பல், கரையே தெரியாத நடுக்கடலில் நிற்கும்.

1664-ல் இங்கிலாந்தின் கேப்டன் ராபர்ட் ஹோம்ஸ் ஹைகென்ஸ் வகைக் கடிகாரங்களை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனார். கடிகாரம் சொன்னதை நம்பித் திரும்பியதால்தான் தன் கப்பல்கள் தண்ணீர் தீரும் முன் தீவைப் பிடித்தன என்று அறிக்கை கொடுத்தார். ஹைகென்ஸுக்குச் சந்தோஷம். அது அச்சிலும் வந்தது. ஆனால் லண்டன் ராயல் சொசைட்டியிலேயே சந்தேகம் எழுந்தது. விசாரித்தபோது கடிகாரங்கள் அவ்வளவு ஒழுங்காக ஓடவில்லை என்று தெரிந்தது. ஹோம்ஸ் கதையை ஊதிப் பெருக்கியிருந்தார் என்பதுதான் வரலாற்றாய்வாளர்களின் இன்றைய முடிவு. தன் கடிகாரம் கடலிலும் ஜெயித்துவிட்டது என்று ஹைகென்ஸ் நம்பியதற்குப் பின்னால் ஒரு பொய் சாட்சி இருந்தது.

படுக்கையில் கிடைத்த கண்டுபிடிப்பு

1665 பிப்ரவரி. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். அறையில், கடலுக்காகச் செய்த இரண்டு ஊசல் கடிகாரங்கள் ஒரே சட்டத்தில் தொங்கின. வேறு வேலை இல்லாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கவனித்தார். இரண்டு ஊசல்களும் ஒரே தாளத்தில் ஆடின. ஒன்று இடப்பக்கம் போகும்போது மற்றொன்று வலப்பக்கம். கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் மறுபடி அதே தாளத்துக்கு வந்துவிட்டன.

முதலில் காற்றின் வேலை என்று நினைத்தார். பிறகு தூரமாக வைத்துப் பார்த்து, காரணம் அந்தச் சட்டம்தான் என்று கண்டுபிடித்தார். ஒரு ஊசலின் கண்ணுக்குத் தெரியாத அதிர்வு சட்டம் வழியாக மற்றொன்றுக்குப் போகிறது. இன்று மின்மினிகள் சேர்ந்து மினுக்குவது முதல் மின்கட்டமைப்பு வரை ஒத்திசைவு பற்றி ஆராய்பவர்கள் எல்லாரும் இந்தக் கதையில்தான் தொடங்குகிறார்கள்.

ஆனால் அவருக்கு இது கெட்ட செய்தியும்கூட. கண்ணுக்குத் தெரியாத அதிர்வுக்கே ஊசல் தன் தாளத்தை மாற்றிக்கொள்கிறது என்றால், அலையில் ஆடும் கப்பலில் என்ன ஆகும்?

எதிரி நாட்டு அரசரின் சம்பளத்தில்

1666-ல் பிரெஞ்சு அரசர் 14-ஆம் லூயியின் அமைச்சர் கோல்பர்ட் பாரிஸில் அறிவியல் கழகத்தை அமைத்தார். அதன் முன்னணி உறுப்பினராக ஹைகென்ஸுக்கு அழைப்பு. நல்ல சம்பளம், அரச நூலகத்தில் வீடு. அடுத்த 15 ஆண்டுகளின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞருக்குக் கணிதத்தில் வழிகாட்டியதும் அங்கேதான். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அந்த லைப்னிட்ஸ்.

1672-ல் அதே லூயி நெதர்லாந்து மீது படையெடுத்தார். ஹைகென்ஸின் அப்பாவும் அண்ணனும் எதிர்த்துப் போரிட்ட ஆரஞ்சு இளவரசரின் ஊழியர்கள். கிறிஸ்டியானோ பாரிஸிலேயே இருந்தார். போர் நடக்கும்போதே, 1673-ல், தன் வாழ்நாளின் பெரிய நூலான ஹோரோலோஜியம் ஆஸிலட்டோரியத்தை வெளியிட்டார். காணிக்கை யாருக்கு? 14-ஆம் லூயிக்கு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். அவருடைய வேலை, வீடு, ஆய்வு எல்லாமே அந்த அரசரின் பணத்தில் இருந்தன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் யாருடையது?

புகழ் வந்தால் வழக்கும் வரும். கலிலியோவின் சீடர்கள் ஊசல் கடிகாரம் தங்கள் ஆசிரியருடைய யோசனை என்றார்கள். ராட்டர்டாம் கடிகாரக்காரர் ஒருவரோடு காப்புரிமைத் தகராறு.

1675-ல் வந்தது பெரிய சண்டை. அந்த ஜனவரியில் ஊசலுக்குப் பதிலாக, மயிரிழை போன்ற சுருள் ஸ்பிரிங்கோடு ஆடும் சின்னச் சக்கரத்தை ஹைகென்ஸ் யோசித்தார். கப்பல் ஆடினாலும் இதற்குக் கவலை இல்லை, சட்டைப்பையில் வைத்தாலும் ஓடும். பாரிஸ் கைவினைஞர் துரே அதன் மாதிரியைச் செய்தார். செய்தவர் அதில் தனக்கும் பங்கு உண்டு என்று கிளம்பினார். லண்டனில் ராபர்ட் ஹூக் அதைவிடக் கோபமாக, இது பல வருடம் முன்பே என் யோசனை என்று வாதிட்டார்.

ஹூக் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. 2006-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டிலிருந்து கிடைத்த ஹூக்கின் கையெழுத்துத் தாள்களில், 1670-லேயே அவர் ஸ்பிரிங் கடிகாரம் ஒன்றைக் காட்டியதற்கான குறிப்பு இருக்கிறது. ஆனால் சுருள் வடிவ ஸ்பிரிங்கை வெளியிட்டு, ஓடும் கடிகாரமாக ஐரோப்பாவுக்குக் காட்டியவர் ஹைகென்ஸ். ஒரு யோசனை பல தலைகளில் ஒரே சமயத்தில் முளைப்பது வரலாற்றில் புதிதல்ல.

கடைசி முயற்சி

அடிக்கடி நோய், நீண்ட மனச்சோர்வு. 1681-ல் உடம்பு மோசமாகி தி ஹேக் திரும்பினார். 1683-ல் கோல்பர்ட் இறந்தார். 1685-ல் பிரான்ஸ் புராட்டஸ்டன்ட் மக்களின் உரிமையை ரத்து செய்தது. புராட்டஸ்டன்டான ஹைகென்ஸுக்குப் பாரிஸ் கதவு மூடிவிட்டது. 1687-ல் அப்பாவும் 90 வயதில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கோடையில் வோர்பர்கில் உள்ள ஹோஃப்வைக் என்ற குடும்ப வீட்டில் தனியாக இருந்தார்.

அந்தக் காலத்திலும் கடலை விடவில்லை. டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் உதவியோடு 1686-ல் ஆல்க்மார் என்ற கப்பலில் கடிகாரங்கள் நன்னம்பிக்கை முனைக்குப் போயின. 1687-ல் திரும்பி வந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. கடிகாரத்தின்படி கப்பல் அயர்லாந்து நிலப்பரப்பின் மேலேயே ஓடி வந்திருக்க வேண்டும்!

வேறு யாராவது என்றால் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஹைகென்ஸ் பூமியைச் சந்தேகப்பட்டார். 1672-ல் தென் அமெரிக்காவின் கேயேனுக்குப் போன ஷான் ரிஷே என்ற வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டிருந்தார். பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டில் எடை கொஞ்சம் குறைகிறது, அதனால் ஊசல் மெதுவாகிறது என்று ஹைகென்ஸ் கணக்கிட்டார். அந்தத் திருத்தத்தைச் செய்ததும் கப்பலின் பாதை அயர்லாந்தை விட்டு விலகிக் கடலுக்கு வந்தது.

கடிகாரம் தப்பவில்லை, பூமியைப் பற்றி ஒரு உண்மையைச் சொன்னது. ஆனால் 1690-ல் தொடங்கிய அடுத்த பயணச் சோதனை கைகொடுக்கவில்லை. நல்ல நிலத்துக் கடிகாரமான ஊசலைப் புயல் கடலில் நம்ப முடியவில்லை.

1695 ஜூலை 8 அன்று, 66 வயதில், ஹைகென்ஸ் இறந்தார். கடைசி மாதங்கள் உடல் வலியும் மன வேதனையுமாகக் கழிந்தன.

அப்போ தோல்விதானா?

அவர் இறந்து 66 வருடம் கழித்து, 1761-ல் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் செய்த எச்4 கடிகாரம் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாளில் அதன் பிழை 5 வினாடி. அதன் உள்ளே ஆடியது ஊசல் இல்லை. ஸ்பிரிங்கோடு சேர்ந்த சமநிலைச் சக்கரம். ஹைகென்ஸும் ஹூக்கும் சண்டை போட்டார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த யோசனைதான் கடைசியில் கடலை ஜெயித்தது.

நிலத்தில் ஊசல் ஆட்சி தொடர்ந்தது. 1670 வாக்கில் இங்கிலாந்தில் நங்கூரம் போன்ற புதிய தடுப்பான் வந்தது. ஊசல் சில டிகிரி மட்டும் ஆடினால் போதும் என்றானதும் ஹைகென்ஸின் வளைந்த தகடுகள் தேவைப்படவில்லை. ஒரு ஆட்டத்துக்குச் சரியாக 1 வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் சுமார் 99.4 சென்டிமீட்டர். ஆளுயரக் கடிகாரங்கள் அவ்வளவு உயரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானியல் ஆய்வகங்களுக்கு இந்த ஊசல் கடிகாரங்களே உயிர்நாடி. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த மெட்ராஸ் வானியல் ஆய்வகத்திலும் லண்டன் கைவினைஞர் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம் இருந்தது. அது இப்போது கொடைக்கானல் ஆய்வகத்தில் இருக்கிறது. 1802-ல் ஜான் கோல்டிங்காம் கணித்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். பின்னாளில் இந்திய ரயில்கள் ஓடியது இந்த நேரத்தில்தான். 1906-ல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை அது நீடித்தது.

2005 ஜனவரி 14 அன்று டைட்டனின் தரையில் ஒரு விண்கலம் இறங்கியது. அதற்கு வைத்த பெயர் ஹைகென்ஸ்.

உங்கள் வீட்டில் ஒரு ஊசல் கடிகாரம் இருந்தால்

அது வேகமாக ஓடுகிறதா? ஊசலின் அடியில் உள்ள சின்ன மரையைத் திருகி, வட்டத் தகட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மெதுவாக ஓடுகிறதா? மேலே ஏற்றுங்கள். 99.4 சென்டிமீட்டர் ஊசலில் 1 மில்லிமீட்டர் மாற்றினால் நாளுக்குச் சுமார் 43 வினாடி மாறும். ஊசல் குட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். அதனால் பொறுமையாக, கால் திருகு திருகிவிட்டு ஒரு நாள் காத்திருந்து பாருங்கள்.

இரண்டு கடிகாரங்கள் இருந்தால், ஒரே பலகையில் மாட்டாதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.